பொருக்கு ரோட்டில் ஒரு குழி

வேலாங்குறிச்சியில் ரோடு போட்ட மறுநாளே அதைத் தோண்டுவது ஒரு சடங்காகவே ஆகியிருந்தது. தார் வாசனை போவதற்குள் குடிநீர்க்காரர்கள் கடப்பாரையோடு வந்து நிற்பார்கள். அவர்கள் அரைகுறையாக மூடிவிட்டுப் போனதும் பாதாளச் சாக்கடைக்காரர்கள் வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் மின்சாரம், அதற்கும் பின்னால் கேபிள். நாலு பேரும் கலந்து பேசி ஒரே நாளில் தோண்டித் தொலைத்தால் என்ன என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. பதில் சொன்ன ஆளும் இல்லை. கடைசியில் ஒரு மழைக்காலத்தில் பள்ளிக்கூட வேன் ஒன்று மூடாத பள்ளத்தில் சரிந்து, பிள்ளைகள் கை கால் முறிந்து கிடந்தபோதுதான் ஊரே திரண்டு வந்து நகராட்சி வாசலில் உட்கார்ந்தது. இனி எவனும் ரோட்டில் கை வைக்கக் கூடாது என்பதுதான் ஒரே கோரிக்கை.

கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு கம்பெனி கொண்டுவந்து போட்டது உயிர்த்தளம் என்ற புது வகை ரோடு. காரைக்குள் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் தூங்கிக்கொண்டிருக்கும். விரிசல் விட்டால் விழித்துக்கொள்ளும். கிடைத்ததைத் தின்று சுண்ணாம்பாகக் கக்கும். புண் மேல் பொருக்குத் தட்டுவது போல விரிசல் மூடிக்கொள்ளும். ஊர்க்காரர்கள் அதற்குப் பொருக்கு ரோடு என்று பெயர் வைத்தார்கள். யாராவது வெட்டினால் சாயங்காலத்துக்குள் மூடிக்கொள்வதோடு நிற்காது, 'என்னை வெட்டுகிறார்கள்' என்று கம்பெனிக்குத் தானே சேதியும் அனுப்பிவிடும். அப்புறம் போலீஸ் வரும்.

அதற்கென்று நகராட்சி தனியாக விதிகள் போட்டது. பத்து வருஷத்துக்கு எந்தத் துறையும் தோண்டக் கூடாது. தீ, உயிராபத்து, சாலையின் நலன் ஆகிய மூன்றுக்கு மட்டும் மேலிடம் விலக்குத் தரும். விலக்குக் கிடைத்தால் கம்பெனி ஆள் வந்து மயக்க மருந்து தெளிப்பார். ரோடு தூங்கும். அது தூங்கும் நேரத்தில் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். இந்த விதிகளின் வரைவை எழுதியவர்களில் பூங்கோதையும் ஒருத்தி. நகராட்சியில் பணி மேற்பார்வையாளர், ஊர் வாயில் ஓவர்சியரம்மா. மனசார எழுதினாள். சரிந்த வேனில் அவள் அண்ணன் மகளும் இருந்தாள்.

ஐந்து வருஷம் ஊர் கொண்டாடியது. மற்ற ஊர்க்காரர்கள் வந்து வேலாங்குறிச்சி ரோட்டில் செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். அதிலும் காளியம்மன் கோயில் தெரு இருக்கிறதே, அதற்குத் தனி மவுசு. கோயில், தெருவைப் பார்த்தபடி நிற்கிறது. அபிஷேகப் பாலெல்லாம் கல் வாய்க்கால் வழியாக நேரே ரோட்டுக்குத்தான் வரும். ஆடியில் ஊர்ப் பால்குடமெல்லாம் தளும்பித் தளும்பி அந்தத் தெருவில்தான் வந்து முடியும். சித்திரையில் நீர்மோர்ப் பந்தல் வேறு. இத்தனை கூட்டம் மிதித்தும் ஒரு கீறல் கிடையாது. அம்மன் காலடி ரோடு என்று பூசாரி பெருமையடித்துக்கொள்வார். பூங்கோதையின் வீடும் அந்தத் தெருவில்தான்.

ஆறாம் வருஷம் அந்தத் தெருவில் மட்டும் குழாயில் தண்ணீர் மெலிந்தது. முதலில் விரல் கனம். பிறகு நூல் கனம். பூங்கோதை குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தாள். ரோடு மேலே வளர இடமில்லாமல் கீழே வளர்ந்திருக்கிறது. வெள்ளை வெள்ளையாக வேர் விட்டு, குழாயை நாலு பக்கமும் பிடித்து நெரித்துக்கொண்டிருக்கிறது. வேறு தெருக்களில் இப்படி இல்லை. ஏன் இங்கே மட்டும் என்று யாருக்கும் விளங்கவில்லை.

படத்தை எடுத்துக்கொண்டு ஆணையரிடம் ஓடினாள். அவர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களால் என்ன ஆகிவிடுகிறது?

"தோண்டித்தான் ஆகணும் சார். குழாயை மாத்தி, சுத்தி இரும்பு உறை போட்டுட்டா அரை மணி நேர வேலை."

"எந்தக் காரணம்னு போடுவீங்க?"

"உயிராபத்து. தண்ணி இல்லாம எப்படி சார் இருப்பாங்க?"

"தெரு முனையில லாரித் தண்ணி விடுறோமே. அப்ப உயிராபத்து இல்லைன்னு மேலிடத்துல திருப்பி அனுப்புவாங்க. போன மாசமே அனுப்பிட்டாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரோட்டுக்கு ஏதாவது ஒண்ணுன்னா உடனே ஆள் வருவான். ரோடு நல்லா இருக்கே, என்ன செய்ய?"

"லாரியை உள்ளேயாவது விடலாமே சார்."

"உள்ள விட்டா பாரம் தாங்காதுன்னு விதி இருக்கு. நீங்க எழுதினதுதானே அது?"

பூங்கோதை எழுந்து வந்துவிட்டாள்.

தெருவில் ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. வாடகைக்கு இருந்தவர்கள் முதலில் போனார்கள். சொந்த வீட்டுக்காரர்கள் பிள்ளைகளின் வீட்டைத் தேடிப் போனார்கள். போகாமல் இருந்தவர்களில் எதிர்வீட்டுச் சூடாமணியும் ஒருத்தி. அவளுக்குப் போக வழியில்லை. புருஷன் வேலுச்சாமி லோடுமேன். மூட்டையோடு விழுந்து, இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் படுத்துவிட்டார். அவரைக் கழுவவும் துடைக்கவும் துணி அலசவும் ஒரு நாளைக்கு எத்தனை குடம் வேண்டும் என்பது அவளுடைய தோளுக்குத்தான் தெரியும். தெரு முனைக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து அவள் இடது பக்கமாகச் சாய்ந்தே போயிருந்தாள்.

"திருப்பூர்லருந்து மகன் பேசுனான் பூங்கோதை" என்று ஒரு நாள் வாசலில் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். "ஆடி முடியட்டும், வந்து கூட்டிட்டுப் போறேங்கிறான். மூணாவது மாடியில ஒத்த ரூமு. அப்பாவுக்கு எடம் பத்தாதும்மா, ஏதோ இல்லம் இருக்காம், அங்க விட்டுருவோம், நீ மட்டும் வாங்கிறான்."

"நீங்க என்ன சொன்னீங்கக்கா?"

"என்னத்தச் சொல்ல? அவனும் பாவம்தான். இந்த மனுசன் பக்கத்துல படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தாரு. போனை வச்சதும், நீ போ புள்ளன்னாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "குழாயில தண்ணி வந்துருச்சுன்னா எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. எப்படியும் அவரப் பாத்துக்கிருவேன். ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டு இருக்கேன்."

பூங்கோதைக்கு அன்று சோறு இறங்கவில்லை. தான் எழுதிய எழுத்து இந்த மனுஷியின் தோளில் குடமாக ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியிலிருந்து தீபன் என்ற இளைஞன் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கினான். ஆய்வுப் பிரிவாம். கையில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு காளியம்மன் கோயில் தெருவில் மேலும் கீழும் நடந்தான். அவன் முகம் புது மாப்பிள்ளை முகம் மாதிரி மலர்ந்திருந்தது.

"மேடம், நாங்க போட்டதுலயே இவ்வளவு ஆரோக்கியமான ரோடு எங்கயும் இல்லைங்க. இதுல ஒரு துண்டு வெட்டி எடுத்துட்டுப் போய் விதையா வளர்த்தோம்னா, இனிமேல் போடுற ஊருக்கெல்லாம் இதையே போடலாம்னு முடிவு பண்ணியிருக்காங்க."

"வெட்ட அனுமதி?"

"சாலையின் நலன்ங்கிற விதியில வந்துருங்க. அனுமதி வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன்."

ஒரு தெருவே காய்ந்து கிடந்தபோது வராத அனுமதி, ரோட்டுக்குப் பிள்ளைப்பேறு என்றதும் பெட்டியோடு வந்து நின்றது. பூங்கோதைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, "எந்த இடத்தில் வெட்டப் போறீங்க?" என்று கேட்டாள்.

"எங்க வேணாலும் வெட்டலாம். முழு ஆழத்துக்கு ஒரு பாளம் எடுக்கணும். ஒரு ஆள் உட்கார்ற அளவுக்குக் குழி வரும்."

"அப்ப இங்க வெட்டுங்க" என்று சூடாமணி வீட்டு வாசலைக் காட்டினாள். "இங்கதான் ரொம்ப நல்லா வளர்ந்திருக்கு."

சொன்னது பொய் இல்லை. நெரிபட்ட குழாய் சரியாக அதற்குக் கீழேதான் இருந்தது.

எடுத்த பாளத்தைக் குளிர்பெட்டியில் வைத்தால், அது அடங்க ஒரு மணி நேரம் ஆகுமாம். அதற்குப் பிறகுதான் குழியை மூடும் மருந்து போடுவானாம். அந்த ஒரு மணி நேரம் அவளுக்குப் போதும். பிளம்பர் சந்தனராஜைக் கூப்பிட்டுப் புதுக் குழாயும் இரும்பு உறையும் தயாராக வைக்கச் சொன்னாள். விஷயம் வெளியே தெரிந்தால் அவள் வேலை போகும், சந்தனராஜ் உள்ளே போவான். அதனால் மூன்றாம் பேருக்குச் சொல்லவில்லை. சூடாமணிக்கு மட்டும், அவள் வாசலில் குழி விழப்போகிறதே என்பதற்காக, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அக்கா, நாளைக்கு உங்க வாசல்ல ஒரு குழி தோண்டுவாங்க. யார் கேட்டாலும் உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் குழாயில தண்ணி வந்தாலும் வரும்."

சூடாமணி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டுனப்ப ஊத்துனோம், போர் போட்டப்பவும் ஊத்துனோம். குழி தெறந்தா ஒரு செம்பு பாலு ஊத்தாம விடலாமா? மண்ணுக்கு வலிக்கும்ல" என்றாள்.

"ஊத்துங்கக்கா" என்று பூங்கோதை சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் தீபன் மயக்க மருந்தைத் தெளித்தான். ரோடு நிறம் மாறி வெளிறியது. மெல்லிய ரம்பத்தை வைத்து, கேக் வெட்டுவது போல நாலு பக்கமும் கீறி, பாளத்தை அலுங்காமல் தூக்கிப் பெட்டியில் வைத்தான். குழியின் அடியில் பழைய குழாய் தெரிந்தது. வெள்ளை வேர்கள் அதன் கழுத்தைச் சுற்றியிருந்தன. தீபன் அதைப் பார்க்கவே இல்லை, அவன் கண்ணெல்லாம் பெட்டியில்தான் இருந்தது. பெட்டியைத் தன் ஜீப்பில் ஏற்றிவிட்டு வியர்வையைத் துடைத்தான்.

"வாங்க தம்பி, அடங்குற வரைக்கும் முனையில ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்" என்றாள் பூங்கோதை.

"குழி?"

"நம்ம ஆள் ஒருத்தர் காவலுக்கு நிப்பார்."

அவர்கள் திரும்பி நடந்ததும் சந்தனராஜ் பையோடு வந்து குழியில் இறங்கினான்.

டீக்கடை தெரு முனையில், லாரித் தண்ணீர் விடும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பூங்கோதை வேண்டுமென்றே தீபனைத் தெருவுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தாள். ஊர்க் கதை, அவன் படிப்பு, அவன் அம்மாவின் கால்வலி என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பேசினாள். நேரம் போகட்டும், போகட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"எனக்குப் பால் வேண்டாங்க, கடுங்காப்பி போதும்" என்றான் தீபன் கடைக்காரரிடம்.

"ஏன் தம்பி, ஒத்துக்காதா?"

"எனக்கு ஒத்துக்கும் மேடம், ரோட்டுக்குத்தான் ஒத்துக்காது. இல்ல, ரொம்ப ஒத்துக்கும்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். "லேப்ல நாங்க இதுக்கு ஊட்டுறதே பால் புளிச்சா வர்ற சத்துதாங்க. அதைத் தின்னுட்டுத்தான் சுண்ணாம்பா கக்கும். வெட்டுன இடத்துல பால் பட்ட கையை வச்சாக்கூடப் போச்சு. மயக்கமெல்லாம் தெளிஞ்சு குபுகுபுன்னு வளர்ந்துரும். ஒரு தடவை என் ஃபிரெண்டு தயிர் சாத டப்பாவைக் கொட்டிட்டான். மேஜையோட ஒட்டிக்கிச்சு."

பூங்கோதை தம்ளரைக் கீழே வைத்தாள்.

"உங்க தெரு மட்டும் ஏன் இப்படி வளர்ந்திருக்குன்னுதான் ஆபீஸ்ல எல்லாரும் மண்டையை ஒடைச்சுக்கிறாங்க. அங்க அப்படி என்னதாங்க கிடைக்குது அதுக்கு?"

கோயிலின் கல் வாய்க்கால் அவள் கண் முன் வந்தது. ஆடிப் பால்குடம் வந்தது. நீர்மோர்ப் பந்தலில் குடித்து மிச்சத்தைக் கொட்டிய அத்தனை கைகளும் வந்தன. தண்ணீர் மெலிய மெலிய, தண்ணீர் வர வேண்டும் என்று தெருப் பெண்கள் வெள்ளிதோறும் கூடுதலாகச் செய்த அபிஷேகம் வந்தது. வேண்ட வேண்ட இறுகியிருக்கிறது. கும்பிட்டுக் கும்பிட்டுத் தங்கள் கழுத்தைத் தாங்களே நெரித்திருக்கிறார்கள்.

கடைசியாக, தன் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற சூடாமணி வந்தாள். ஊத்துங்கக்கா என்று தான் சொன்னது காதில் கேட்டது.

"மேடம்? எங்க போறீங்க?"

செருப்பு ஒன்று டீக்கடையிலேயே கிடந்தது. கால் சுட ஓடினாள். தூரத்தில் சூடாமணி செம்பைக் கவிழ்த்துத் தட்டுவதும், இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்புவதும் தெரிந்தது. "அக்கா!" என்று கத்தினாள். அவ்வளவு தூரத்துக்கு அது எட்டவில்லை.

குழியின் ஓரத்தில் சந்தனராஜ் ரோட்டில் உட்கார்ந்து வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தான். விரல்களில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. குழியில் பால் நுரைத்தது போலப் பொங்கி, நுரை அப்படியே கல்லாகிக்கொண்டிருந்தது. அடியில் குழாய் தெரியவில்லை.

"பழசை அறுத்து வெளிய போட்டுட்டேன் மேடம்" என்று மூச்சு வாங்கக் கிசுகிசுத்தான். "புதுசை வைக்கப் போனேன். அக்கா பால் கொண்டாந்தாங்க. நல்லதுக்கு ஊத்துறாங்களேன்னு நானும் மேல ஏறி நின்னு கும்புட்டேன். திரும்ப எறங்கிக் கைய வச்சா, பிடிக்குது. ஸ்பேனரு உள்ள போயிருச்சு. கைய உருவுனதே பெரிய காரியம்."

அறுத்த குழாய். அதாவது நூல் கனமாக வந்துகொண்டிருந்ததும் இனி இல்லை. அறுத்த வாய்க்குள் ரோடு இறங்கிக்கொண்டிருக்கிறது. பூங்கோதை முழங்காலிட்டுக் கையால் தோண்டிப் பார்த்தாள். நகம் கிழிந்தது. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. ஒரு நகராட்சி, ஒரு கம்பெனி, ஒரு விதிப்புத்தகம் எல்லாம் சேர்ந்து செய்ய முடியாத காரியத்தை ஒரு செம்புப் பால் முடித்து வைத்துவிட்டது.

சந்தனராஜ் அறுத்த குழாயைப் பைக்குள் திணிப்பதற்கும் தீபன் மூச்சிரைக்க வந்து சேர்வதற்கும் சரியாக இருந்தது. குழி இருந்த இடத்தைப் பார்த்தவன் அப்படியே குந்திவிட்டான். கருவியை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"மருந்தே போடல, தானா மூடிக்கிச்சு! மயக்கத்துலயே! மேடம், யாராவது ஏதாவது ஊத்துனாங்களா?"

தூங்கும் சாலையில் வெளியாள் கை வைத்தால் மூன்று வருஷம் உள்ளே. அதுவும் அவள் கை எழுதியதுதான். சூடாமணி காலிச் செம்போடு, பேச்சு எட்டாத தூரத்தில், தன் வீட்டு நடைக்குள் நின்றிருந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றாள் பூங்கோதை.

"அப்ப இது தானாவே இவ்வளவு வீரியம்." அவன் குரல் தழுதழுத்தது. பாவம், அவனுக்கும் வாழ்க்கையில் ஒரு நாள். "இதை நாற்றங்கால்னு அறிவிக்கச் சொல்லி இன்னிக்கே எழுதிடுறேன். இனி இந்தத் தெருவுல பத்து வருஷமில்ல, எப்பவுமே யாரும் கை வைக்க முடியாது. மத்த ஊருக்கெல்லாம் இங்கிருந்துதான் போகும்."

சந்தனராஜ் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். பூங்கோதையின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனான். ஜீப் கிளம்பியது. குழி இருந்த இடம் மற்ற இடத்தைவிட வழவழப்பாக, புதுசாக இருந்தது. வெயிலில் பால் வாசனை மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

சூடாமணி பயந்த முகத்தோடு கிட்டே வந்தாள்.

"என்ன பூங்கோதை, அதுக்குள்ள மூடிருச்சு? வேல முடிஞ்சிருச்சா? நான் ஊத்துனது தப்பில்லையே?"

சொல்ல வேண்டியது அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்தது. உங்க பால்தான்க்கா. ஊத்துங்கன்னு சொன்னது நான்தான்க்கா. சொல்லி முடித்தபின் இந்த மனுஷி அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் எப்படி உட்காருவாள்? இன்றைக்குச் சாயங்காலம் தெரிந்துவிடும், நாளைக்கு நிச்சயமாகத் தெரிந்துவிடும். ஆடி முடிந்து மகன் வர இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

"ஆத்தா ஏத்துக்கிட்டாளா?"

"ஏத்துக்கிட்டாக்கா" என்றாள் பூங்கோதை.

சூடாமணியின் முகம் விரிந்தது. வீட்டுக்குள் போய்ப் புருஷனிடம் ஏதோ சொன்னாள். உள்ளேயிருந்து வேலுச்சாமி வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் சிரித்து எத்தனை காலமாயிற்றோ. அப்புறம் டிரம்மைத் தேய்த்துக் கழுவும் சத்தம் கேட்டது. லாரித் தண்ணீரில் மிச்சமிருந்த கடைசிக் குடத்தை அதற்கே செலவழித்தாள். கழுவிய டிரம்மை உருட்டி வந்து வாசல் குழாய்க்கு அடியில் வைத்தாள். குழாயைத் திருகினாள். உள்ளே காற்றுகூட இல்லை.

"தெறந்தே போட்டு வச்சிருக்கேன் பூங்கோதை" என்று எதிர்வாசலைப் பார்த்துச் சொன்னாள். "வந்தா சத்தம் கேக்கும்ல."